பேருக்கு வாங்கியவள்

மார்ச் 2, திங்கள்

மாவு இன்றும் பொங்கவில்லை. பனி அதிகம். இரண்டு அண்டாவையும் கம்பளியில் சுற்றி அடுப்பு மேட்டில் ஏற்றி வைத்தேன். "பிள்ளைங்க எந்திரிச்சிருச்சா பிலோ?" என்று அம்மா கேட்டாள். அண்டாக்களைத்தான் அப்படிச் சொல்வாள். இல்லை என்று தலையாட்டினேன்.

மேல் காட்டேஜில் தங்கியிருக்கும் டோவா மாவு வாங்க வந்தாள். இஸ்ரேல்காரி. வட்டக்கானலுக்கு அவர்கள் நாட்டிலிருந்து நிறையப் பேர் வருவார்கள். ஆனால் ஒரு மாதமாகத் தினமும் தோசை ஊற்றுகிறவள் இவள் மட்டும்தான். இந்த மாவு தானாகவா பொங்குகிறது என்று கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டினேன். அவள் முகம் வாடிவிட்டது.

அவர்களுக்கு ஒரு பண்டிகை வருகிறதாம். எட்டு நாள் புளித்த மாவு எதையும் சாப்பிடக் கூடாது. சாப்பிடக் கூடாது என்பதோடு முடியவில்லை, சொந்தமாக வைத்திருக்கவே கூடாது. வீட்டை மூலை முடுக்கெல்லாம் துடைத்து ரொட்டித் துணுக்கைத் தேடுவார்களாம். இட்லி மாவு அந்தக் கணக்கில் வருமா வராதா என்று அவளுக்குத் தெரியவில்லை. போனில் ஒரு குழுவில் கேட்டிருக்கிறாள்.

எனக்கு ஒரு பழைய நோட்டுக் கொடுத்தாள். பேசாதவர்கள் எழுத வேண்டுமாம். எழுதுகிறேன்.

மார்ச் 5, வியாழன்

குழுவின் பெயர் "பதினெட்டு நிமிடம்". கோதுமை மாவில் தண்ணீர் பட்டு, பிசையாமல் பதினெட்டு நிமிடம் சும்மா கிடந்தால் அது புளித்த கணக்கு என்பது அவர்கள் சட்டம். அதனால் அந்தப் பெயர். உலகம் முழுவதும் இருந்து அறுபத்தோரு பேர். நாள் முழுக்க யூதச் சட்டங்களைப் பற்றிச் சண்டை போடுகிறார்கள். யாரும் கோபித்துக்கொண்டு வெளியே போவதில்லை.

"பதினெட்டு நிமிஷத்துல எந்த மாவு புளிக்கும்?" என்றாள் அம்மா. "கொடைக்கானல் பக்கம் வந்து பாக்கச் சொல்லு."

மான்செஸ்டரில் இருக்கும் மெண்டல் என்பவர்தான் அங்கே பெரியவர். எத்தனை மணி நேரம் ஊறுகிறது, குமிழி வருமா, வாசனை எப்படி என்று டோவாவிடம் கேட்டிருந்தார். டோவா என்னையும் குழுவில் சேர்த்துவிட்டு டால்பின் நோஸ் பார்க்கப் போய்விட்டாள். ஆங்கிலத்தை போன் தமிழாக்கித் தருகிறது. நான் நான்கு வரி பதில் எழுத மூன்று மணி நேரம் ஆனது. உளுந்து ஆறு மணி நேரம் ஊறும். குமிழி வரும். வாசனை நன்றாக இருக்கும். குளிர்காலத்தில் கம்பளி தேவை.

கம்பளியைப் பற்றி மட்டும் இருபத்தேழு பேர் கேள்வி கேட்டார்கள்.

மார்ச் 8, ஞாயிறு

தீர்ப்பு வந்துவிட்டது. அவர்களுடைய பழைய நூலில் இருக்கிறதாம்: கோதுமைதான் புளிக்கும், அரிசி புளிப்பதில்லை, கெட்டுத்தான் போகும். ஆகையால் இட்லி மாவு புளித்த மாவு ஆகாது.

சர்ச்சில் பூசை முடிந்து வந்த அம்மாவிடம் சொன்னேன். முக்காட்டை எடுக்காமலே நின்றாள்.

"கெட்டுப்போறதா? நம்ம மாவா?"

தலையாட்டினேன்.

"எவன் சொன்னான்?"

"பழைய பெரியவங்க. ஆயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முன்னாடி."

"அவங்க அரிசியைத் தனியா ஊற வச்சுப் பாத்திருப்பாங்க. உளுந்து போட்டிருக்க மாட்டாங்க. எழுதுடி."

அம்மா மரியாதையுடன் மறுக்கிறார் என்று எழுதினேன். அவர்கள் கோபப்படுவார்கள் என்று பயந்து போனை அரிசி டின்னுக்குள் போட்டேன். சாயங்காலம் எடுத்துப் பார்த்தால் நூற்று நாற்பது பதில்கள். எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். பழைய நூலை மறுத்துப் பேசுவது அங்கே நல்ல பழக்கமாம். அம்மாவுக்கு "மாவுக்கார அம்மையார்" என்று பெயர் வைத்து, அவள் கருத்துக்கு ஆதரவாகப் பன்னிரண்டு பேரும் எதிராகப் பத்தொன்பது பேரும் நிற்கிறார்கள். பண்டிகைக்கு அரிசி சாப்பிடும் குடும்பங்களும் சாப்பிடாத குடும்பங்களும் தனியாக ஒரு சண்டை ஆரம்பித்திருக்கின்றன.

பள்ளிக்கூடத்தில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல எழுந்து நின்றாலே எனக்குத் தொண்டை அடைத்துவிடும். பதினொன்றாம் வகுப்பில் ஒரு நாள் ஒரு பத்தியை வாசிக்கச் சொல்லி டீச்சர் இருபது நிமிடம் நிற்க வைத்தார்கள். ஆனால் நான் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றது அதனால் அல்ல. அம்மாவுக்கு மணிக்கட்டு பிசகிவிட்டது, அரைக்க ஆள் வேண்டும். அதனால்தான்.

மணிக்கட்டு இப்போது சரியாகிவிட்டது.

மார்ச் 13, வெள்ளி

சவரி மாமா வந்தார். அம்மாவின் அண்ணன். வத்தலக்குண்டு காய்கறி மார்க்கெட்டில் கமிஷன் மண்டி வைத்திருக்கிறார். தவக்காலம் என்று அம்மா கறி எடுக்கவில்லை. முட்டை கூட இல்லையா என்று கேட்டுவிட்டுப் பன்னிரண்டு இட்லி சாப்பிட்டார்.

கடையைச் சுற்றி வந்து கிரைண்டரைத் தட்டிப் பார்த்தார். இந்த இடத்தில் பீட்சா கடை போட்டால் வெள்ளைக்காரன் வரிசையில் நிற்பான், ஒரு பார்ட்டி ரெடியாக இருக்கிறது என்றார்.

"மாவுக் கடை என்னாகும்ணே?" என்றாள் அம்மா.

"வீட்டுல வச்சு அரை. யாரு வேணாங்கறா?"

அப்பா இறந்து நான்கு வருடம் ஆகிறது. அப்போது கடையின் லைசென்ஸ், கரண்ட் இணைப்பு, வாடகைச் சீட்டு எல்லாவற்றையும் மாமா தன் பேருக்கு மாற்றிக்கொண்டார். உன் பேரில் இருந்தால் பொம்பளையாளு ஆபீஸ் ஆபீஸாக அலைய வேண்டும், சும்மா பேருக்கு என் பேரில் இருக்கட்டும் என்றார். அம்மா அழுதுகொண்டே கையெழுத்துப் போட்டாள். எங்கே போடுவது என்று விரலால் காட்டியவள் நான்.

மாமா போன பிறகு அம்மா, "எங்கண்ணன் அப்படிச் செய்ய மாட்டாரு" என்றாள். யாரும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை.

மார்ச் 17, செவ்வாய்

குழுவில் ஒரு விசித்திரமான வேலை வந்திருக்கிறது. எனக்கு.

பண்டிகைக்கு முன்னால் புளித்த பொருளைத் தின்று தீர்க்கலாம், எரிக்கலாம். முடியாவிட்டால் யூதர் அல்லாத ஒருவருக்கு விற்றுவிடலாம். பொருள் அதே அலமாரியில்தான் இருக்கும். ஆனால் எட்டு நாளைக்கு அது வாங்கியவருடையது. பண்டிகை முடிந்ததும் அவர் திரும்ப விற்றுவிடுவார். காலம் காலமாக இப்படித்தானாம். மெண்டலுடைய பொருளை வருடா வருடம் வாங்கிய பக்கத்து வீட்டுத் தபால்காரர், தன் மகளோடு இருக்க வேறு ஊருக்குப் போய்விட்டார். வேறு யாரைக் கேட்டாலும் சிரிக்கிறார்களாம். சிரிக்கிறவன் வாங்குகிறவன் ஆக மாட்டான் என்கிறார் மெண்டல். ஆஸ்திரேலியாவில் ஒரு பண்ணையில் இருக்கும் ரூத் அக்காவுக்கு அக்கம்பக்கமே கிடையாது. அர்ஜென்டினாவில் ரொட்டிக்கடை வைத்திருக்கும் சாலமோனுடைய பக்கத்துக் கடைக்காரர், வாங்கினால் திருப்பித் தர மாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாராம்.

மூவருக்கும் சேர்த்து நான் வாங்க வேண்டும்.

ஏன் நான் என்று எழுதிக் கேட்டேன்.

"ஆம் இல்லை என்று சொல்லவே நீ மூன்று நாள் எடுத்துக்கொள்கிறாய்" என்று மெண்டல் எழுதினார். "ஒரு 'ஆம்' சொல்ல இவ்வளவு யோசிப்பவர் இந்தக் குழுவில் வேறு யாரும் இல்லை."

மார்ச் 20, வெள்ளி

மூன்று நாள் ஆனது. ஆம் என்று எழுதினேன்.

எனக்குப் பதினேழு வயது என்பதால் தகராறு. இந்தியச் சட்டப்படி நான் எதையும் வாங்க முடியாது. அவர்கள் சட்டப்படி பெண்ணுக்குப் பன்னிரண்டு முடிந்தால் போதும். எந்தச் சட்டப்படி நான் பெரியவள் என்று எண்பத்தெட்டு பதில்கள். என் வயதைப் பற்றி உலகத்தில் இத்தனை பேர் கவலைப்பட்டதே இல்லை. கடைசியில் ரூத் அக்கா, "அவள் தினமும் நாற்பது கிலோ அரைக்கிறாள், அவள் பெரியவள்" என்று எழுதினாள். சண்டை அதோடு நின்றது.

மார்ச் 26, வியாழன்

டோவா நாளை ஊருக்குப் போகிறாள். மூவருக்கும் அவள்தான் ஏஜெண்ட். வாங்குகிறவர் தன்னுடைய துணி ஒன்றைக் கொடுக்க வேண்டும், விற்கிறவர் தரப்பு ஆள் அதைப் பிடித்துத் தூக்க வேண்டும். அப்படித் தூக்கினால் வியாபாரம் படிந்தது என்று அர்த்தம்.

கையில் கிடைத்தது அண்டா மூடுகிற துண்டுதான். நான் நீட்டினேன். டோவா பயபக்தியுடன் தூக்கினாள். அதிலிருந்து காய்ந்த மாவு கொட்டியது. "அதை ஏன்டி குடுக்கற, நல்ல துண்டு உள்ள இருக்குல்ல" என்றாள் அம்மா.

மெண்டலுக்கு அது போதவில்லை. என் குரலில் "வாங்குகிறேன்" என்று ஒரு வார்த்தை வேண்டும் என்றார். குரல் இருந்தால் மறுபேச்சு இருக்காதாம்.

பதினொரு முறை பதிவு செய்தேன். ஒன்பது முறை வெறும் கிரைண்டர் சத்தம். பத்தாவதில் இருமல். பதினொன்றாவதில் "வாங்குறேன்" என்று வந்தது. அனுப்பிவிட்டுப் போய்க் கம்பளிக்குள் படுத்துக்கொண்டேன். மாவுக்குப் போர்த்தியிருந்த கம்பளி.

மார்ச் 29, குருத்து ஞாயிறு

ஓலை வாங்கி வந்து மாதா படத்தில் சொருகினோம். பிறகு உட்கார்ந்து என் சொத்துப் பட்டியலைப் படித்தேன்.

மெண்டல்: விஸ்கி பாட்டில் பதினான்கு. பிஸ்கட் டின் இரண்டு. மறைந்த மனைவி வாங்கி வைத்த, பிரிக்காத ஓட்ஸ் பாக்கெட் ஒன்று.

ரூத்: நாய்த் தீனி மூன்று மூட்டை. முப்பத்தோரு வருடமாக உயிரோடு வைத்திருக்கும் புளிமாவு ஒரு ஜாடி. அதற்குப் பெயர் எஸ்தர்.

சாலமோன்: ரொட்டிக்கடையில் உள்ள எல்லா மாவும், எல்லா ஈஸ்டும், அவை கிடக்கும் அறைகளும்.

வாங்கியவர் நினைத்தால் உள்ளே போக வழி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் விற்பனை பொய்யாகிவிடும். ஆகவே சாலமோன் கதவுப் பூட்டின் எண்ணை அனுப்பியிருக்கிறார். ரூத் அக்காவின் சாவி ஆமை போல இருக்கும் கல்லுக்கு அடியில் இருக்கிறது. மெண்டலின் சாவி எதிர்வீட்டில் இருக்கிறது, பிலோமினா என்று யார் வந்து கேட்டாலும் கொடுத்துவிடுவார்கள். அர்ஜென்டினா எண்ணை இங்கே எழுத மாட்டேன். மனப்பாடம் செய்துவிட்டேன்.

எங்கள் கடைச் சாவி அம்மாவின் இடுப்பில் இருக்கிறது. மாமா இதுவரை அதைக் கேட்டதில்லை.

ஏப்ரல் 1, புதன்

இன்று முதல் எல்லாம் என்னுடையது. முப்பது கிலோதான் அரைத்தேன். அண்டா மூடுகிற துண்டு காயவே இல்லை.

ஏப்ரல் 3, பெரிய வெள்ளி

குழுவில் சத்தமே இல்லை. பண்டிகையின் முதல் இரண்டு நாளும் அதற்கு அடுத்து வரும் ஓய்வு நாளும் அவர்கள் போனைத் தொட மாட்டார்கள். நாங்களும் இன்று அரைக்கவில்லை. உலகமே வாயை மூடிக்கொண்டது போல இருந்தது. எனக்குப் பிடித்திருந்தது.

எஸ்தருக்குப் பசிக்குமோ என்று அவ்வப்போது நினைத்தேன். ஜாடி குளிர்பெட்டியில்தான் இருக்கிறது, ஒன்றும் ஆகாது. ஆனாலும் என்னுடைய மாவு.

ஏப்ரல் 5, ஈஸ்டர்

மாமா கறியோடு வந்தார். சாப்பிட்டதும் சொன்னார்: பீட்சா பார்ட்டியிடம் பேசி முடித்தாயிற்று.

"லைசென்ஸ் என் பேரு, கரண்டு என் பேரு, வாடகைச் சீட்டு என் பேரு. இதுல கேக்கறதுக்கு என்னா இருக்கு?"

"பேருக்குன்னுதானேண்ணே சொன்னீங்க" என்றாள் அம்மா. தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"பேரு என் பேருதானே, லூர்து?" என்றவர், என்னைத் திரும்பிப் பார்த்தார். "என்னா பாப்பா, நீயாச்சும் சொல்லேன். இவ வாயத் தொறந்து நான் பாத்ததே இல்ல."

நான் எலும்புத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

சாயங்காலம் குழு திறந்துவிட்டது. நான் ஒரு கேள்வி போட்டேன். "எனக்குத் தெரிந்த ஒரு பெண் இருக்கிறாள். தன் கடையை அண்ணன் பேருக்கு, சும்மா பேருக்கு, எழுதிக் கொடுத்தாள். அவர் இப்போது திருப்பித் தர மாட்டேன் என்கிறார். பேருக்கு விற்றால் விற்றதாகுமா?"

இது யாரைப் பற்றியும் அல்ல என்றும் கடைசியில் எழுதினேன்.

ஏப்ரல் 7, செவ்வாய்

தொண்ணூற்றேழு பதில்கள். எல்லாவற்றையும் படித்தேன்.

பேருக்கு விற்றாலும் விற்றதுதான் என்கிறார் மெண்டல். அதில்தான் எல்லாமே நிற்கிறதாம். "நீ நினைத்தால் என் விஸ்கியைத் திருப்பித் தராமல் இருக்கலாம் பிலோமினா. சட்டப்படி நான் ஒன்றும் செய்ய முடியாது. அந்தப் பயம் இருந்தால்தான் அது விற்பனை. அதனால்தான் வாங்குகிறவரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறோம்."

அம்மாவும் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தாள். சொந்த அண்ணனை.

சாலமோன் எதிர்த்து எழுதினார்: விற்கிறோம் என்று தெரிந்து விற்றால்தான் விற்பனை, அந்தப் பெண்ணுக்கு அது தெரியுமா? அழுதுகொண்டு கையெழுத்துப் போட்டவளுக்கு என்ன தெரியும் என்று இன்னொருவர் கேட்டார். அவள் அழுதாள் என்று நான் எங்கேயும் எழுதவில்லை. ரூத் அக்கா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "சாவி யாரிடம் இருக்கிறது?"

அந்தப் பெண்ணிடம்தான் என்று எழுதினேன்.

"அப்படியானால் மாவுக்கார அம்மையாரிடம் சொல், அதைக் கொடுக்க வேண்டாம் என்று."

இது யாரைப் பற்றியும் அல்ல என்று நான்தான் எழுதியிருந்தேனே.

இன்று இரவிலிருந்து கடைசி இரண்டு நாள் பண்டிகை. மறுபடி குழு அடைப்பு. முடிந்த நிமிடமே "திரும்ப விற்கிறேன்" என்று ஒரு வார்த்தை போட வேண்டும், மறக்காதே என்று மூவரும் தனித்தனியாக எழுதியிருக்கிறார்கள். சாலமோன் வெள்ளிக்கிழமை ரொட்டிக்கு வியாழன் இரவே பிசைய ஆரம்பிக்க வேண்டுமாம்.

ஏப்ரல் 9, வியாழன்

மத்தியானம் காற்றும் மழையும். மரம் விழுந்து கரண்ட் போனது, டவரும் போனது. அதற்குச் சற்று முன்னால்தான் மாமா அம்மாவுக்கு போன் செய்தார். காலையில் பார்ட்டியோடு வருகிறாராம், சாவியை எடுத்து வைக்க வேண்டுமாம்.

அம்மா இடுப்புச் சாவியை அவிழ்த்து மேசையில் வைத்தாள். பிறகு எடுத்து மாதா படத்துக்கு முன்னால் வைத்தாள். பிறகு மறுபடி மேசையில்.

போனில் சிக்னல் ஒரு கோடு கூட இல்லை.

ஏப்ரல் 10, வெள்ளி

காலை ஆறரைக்கு டவர் வந்தது. போன் மேசையில் துள்ளிக்கொண்டே போய்க் கீழே விழுந்தது. இருநூற்றுப் பதினான்கு செய்திகள்.

வரிசையாகப் படித்தேன். முதலில் ரூத் அக்கா: இங்கே முடிந்துவிட்டது பிலோ, நேரம் கிடைக்கும்போது சொல். பிறகு: பிலோ, நலமா? பிறகு சாலமோன்: நான்கு பேர் கை கழுவிக்கொண்டு மாவுக்கு முன்னால் நிற்கிறோம், தொடவில்லை. பிறகு குழு இரண்டாகப் பிரிந்து, அவள் திருப்பித் தர வேண்டியது இல்லை என்று ஒரு பக்கமும், தூங்கிவிட்டாள் என்று ஒரு பக்கமும். அரிசி கெட்டுப்போகும் என்று சொன்னதில் அவளுக்கு வருத்தம் இருந்திருக்கும் என்று யாரோ எழுத, நூற்றறுபதாவது செய்தியில் மெண்டல் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டிருந்தார். பழைய பெரியவர்கள் உளுந்தைக் கவனத்தில் எடுத்துக்கொள்ளாமல் இருந்திருக்கலாம் என்று ஒத்துக்கொண்டார்.

"திரும்ப" என்று தட்டினேன். விரல் நின்றுவிட்டது.

அடுத்த வார்த்தையைத் தட்டினால் எல்லாம் முடிந்துவிடும். எனக்கு அர்ஜென்டினா இல்லை, எஸ்தர் இல்லை. சாவியை எடுத்துக் கொடுக்கிற பிலோ மட்டும்தான் மிச்சம்.

அப்போது ஜீப் சத்தம் கேட்டது. மாமாவும் பீட்சா பார்ட்டியும் இறங்கினார்கள். பார்ட்டி ஒல்லியாக, நல்ல சட்டை போட்டுக்கொண்டு, பாவம் போல இருந்தார். பெயர் அருண்மொழி. மாமா உள்ளே வந்ததும் கையை நீட்டினார்.

"சாவி குடு, லூர்து."

அம்மா மேசையைப் பார்த்தாள். சாவி மேசையில் இல்லை. என் கையில் இருந்தது. எப்போது எடுத்தேன் என்று தெரியவில்லை.

"பாப்பா, குடு."

போன் அடித்தது. வீடியோ அழைப்பு. பயத்தில் பச்சைப் பொத்தானை அழுத்திவிட்டேன். திரையில் மூன்று கட்டம். மெண்டல் தாடியோடும் இரவுச் சட்டையோடும் இருந்தார், அவருக்கு விடியவே இல்லை. ரூத் அக்கா மடியில் ஜாடியை வைத்திருந்தாள். சாலமோனுக்குப் பின்னால் நான்கு பேர் வெள்ளைத் தொப்பியோடு வரிசையாக நின்றார்கள். இவர்களை முகமாகப் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

"யாருடி இவங்கல்லாம்?" என்றார் மாமா.

அம்மா சொன்னாள். "இவளுக்கு வெளிநாட்டுல ரொட்டிக்கடை இருக்குண்ணே. இவங்க அதுல ஆளுங்க."

"என்னாது?"

"பதினாலு பாட்டில் விஸ்கியும் இருக்கு" என்றாள் அம்மா.

அருண்மொழி என்னைப் பார்த்து மரியாதையாக நிமிர்ந்து நின்றார்.

சாலமோன் கையைக் கூப்பி ஆங்கிலத்தில் வேகமாக ஏதோ சொன்னார். கடைக்கு வருகிற வெள்ளைக்காரர்கள் பேசிக் கேட்டுக் கேட்டு எனக்கு ஆங்கிலம் புரியும். கடையை உன்னை நம்பித்தானே பேருக்கு விற்றோம், விடிந்தால் நூற்றிருபது வீட்டுக்கு ரொட்டி போக வேண்டும், தயவு செய் என்றார்.

"என்னா சொல்றாரு?" என்றார் மாமா.

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். ஆனால் பேச வேண்டியது நான் இல்லையே. அவர் சொன்னதைத்தான் சொல்லப் போகிறேன்.

"கடையை இவங்க என் பேருக்கு வித்தாங்களாம்" என்றேன். "பேருக்குத்தான். நம்பி."

மாமா கையை இறக்கினார். மெண்டல் நிதானமாகப் பேசினார். சட்டப்படி நீ திருப்பித் தர வேண்டியதில்லை, அது உன்னுடையதுதான், நாங்கள் கேட்கத்தான் முடியும் என்றார்.

"இவரு?"

"சட்டப்படி திருப்பித் தரணும்னு இல்லையாம். கேக்கத்தான் முடியுமாம். கேக்குறாங்களாம்."

அதுவரை சரியாகத்தான் சொன்னேன். பிறகு ரூத் அக்கா ஜாடியைத் தூக்கிக் காட்டி, எஸ்தருக்கு நல்ல பசி, முகத்தைப் பார் என்றாள்.

"அந்தம்மா என்னத்தக் காட்டுது?"

"அவங்க உங்களைத்தான் கேக்குறாங்க மாமா. அம்மாவோட லைசென்ஸை எப்ப மாத்திக் குடுப்பீங்கன்னு."

மாமாவின் வாய் திறந்தபடி நின்றது. "ஏன்டி, என் லைசென்ஸு விவகாரம் அந்த ஊருக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும் மாமா. மொத்தம் அறுபத்தோரு பேருக்குத் தெரியும்."

இதில் பொய் எதுவும் இல்லை. தொண்ணூற்றேழு பதில் வந்ததே.

மாமாவைப் பார்த்து மெண்டல் சந்தோஷமாகக் கையசைத்தார். சாலமோனுக்குப் பின்னால் நின்ற நான்கு பேரும் கையசைத்தார்கள். மாமா தன்னையறியாமல் சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டார்.

நான் போனை முகத்துக்கு நேரே பிடித்தேன். "ஐ செல்" என்றேன். சத்தமாகத்தான். "ஆல். டேக் இட் பேக்."

திரையில் ஒரே கூச்சல். வெள்ளைத் தொப்பிக்காரர்கள் மாவுக்குள் கையை விட்டார்கள். மெண்டல் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார், பாட்டில் எடுக்கத்தான் போயிருப்பார். ரூத் அக்கா மட்டும் போகாமல் ஏதோ சொன்னாள். அதை நான் யாருக்கும் மொழிபெயர்க்கவில்லை.

"அவ்வளவுதானா?" என்றார் அருண்மொழி. "ஒரு வார்த்தையில திருப்பிக் குடுத்துட்டீங்களா?"

"ம்" என்றேன். பிறகு, "மாமா, இப்ப நீங்க" என்றேன்.

கிரைண்டரிலிருந்து தண்ணீர் சொட்டியது. அருண்மொழி மாமாவைத் தனியாகக் கூப்பிட்டார். ஆனால் இந்தக் கடையில் தனி இடம் என்று எதுவும் இல்லை.

"அண்ணே, பிரச்சினை உள்ள எடம் நமக்கு வேணாம்ணே. வெளிநாட்டு விவகாரம் வேற இருக்கு."

அவர் ஜீப்பில் ஏறிப் போய் உட்கார்ந்துகொண்டார். மாமா ஸ்டூலில் உட்கார்ந்தார். அம்மா ஆறு இட்லி வைத்தாள். அவர் சாப்பிட்டார். ஏழாவதை அவர் கேட்கவும் இல்லை, அவள் வைக்கவும் இல்லை.

"புதன்கிழமை ஆபீஸுக்கு வாங்க" என்று தட்டைப் பார்த்துச் சொன்னார்.

ஏப்ரல் 12, ஞாயிறு

ரூத் அக்கா அன்று சொன்னது: எல்லாவற்றையும் திரும்ப எடுத்துக்கொள்கிறேன், எஸ்தரில் பாதியைத் தவிர. பாதி உன்னுடையதாகவே இருக்கட்டும்.

ஜாடியில் நடுவே ஒரு கோடு போட்டுப் படம் அனுப்பியிருக்கிறாள். கோடு போட்டால் மாவு பிரியுமா என்று குழுவில் சண்டை. அரிசிச் சண்டையும் இன்னும் முடியவில்லை. அம்மாவின் கட்சியில் இப்போது இருபத்திரண்டு பேர்.

ஏப்ரல் 15, புதன்

மாமா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். தலையில் எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தார். பெயர் மாற்றும் படிவத்தை கிளார்க் அவர் முன்னால் வைத்தார். எங்கே கையெழுத்து என்று நான் விரலால் காட்டினேன்.

பேனாவைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். அம்மாவைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். பேனாவை மூடினார். பையிலிருந்து போனை எடுத்து, முதுகுப் பக்கத்துக் கேமரா அவரைப் பார்க்கும்படி நிமிர்த்திப் பிடித்தேன்.

"அவங்க பாக்குறாங்களா பாப்பா?" என்று தணிந்த குரலில் கேட்டார்.

"பாத்துட்டுத்தான் இருக்காங்க மாமா."

மாமா நெற்றியைத் துடைத்துக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, மூன்று இடத்திலும் கையெழுத்துப் போட்டார். பிறகு போனைப் பார்த்து மெல்லக் கையசைத்தார்.

நேற்று மறுபடி கரண்ட் போயிருந்தது. போனில் சார்ஜ் இல்லை.